குளக்கட்டைக் காப்பதுபோல் இருதயத்தையும் காப்போம்
மாரடைப்பைத் தடுப்பதில் தாதியரின் பங்கும் எமது கடமையும்

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைப்பெடுத்ததை எமது மாவட்டத்தின் மூத்த கமக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் விளைந்த வயல்களும் வெள்ளத்தோடு போயின. கட்டு உடைவது சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் பலவீனம் அநேகமாக முன்னரே தொடங்கிவிடுகின்றது. எங்கோ ஓரிடத்தில் ஈரம் கசியும், மண் இளகும். பார்ப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் அது வளரும். இதனை அறிந்தே எமது முன்னோர் வட்டவிதானை என்ற ஒழுங்கை வைத்திருந்தார்கள். வாய்க்காலையும் கட்டையும் நடந்து பார்ப்பதும், பழுதைக் கண்டால் ஊரைக் கூட்டுவதும் அவருடைய பொறுப்பு. அந்த ஒழுங்கு இன்றும் எமது வயல்வெளிகளில் உள்ளது.

மாரடைப்பும் இவ்வாறானதே. "நேற்றுவரைக்கும் நல்லா இருந்த மனுசன், காலமை வரம்பில விழுந்திட்டார்" என்று செத்தவீட்டில் பேசிக்கொள்கிறோம். உண்மையில் அவர் நேற்றுவரை நலமாக இருக்கவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அவருடைய இரத்தக் குழாய்களில் கசிவு நடந்துகொண்டிருந்தது. நடந்து பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

அவ்வாறு பார்க்க வேண்டியவர் யார்? வைத்தியர்தான் என்று நாம் நினைப்பதுண்டு. வைத்தியரிடம் நாம் போவது பெரும்பாலும் வருத்தம் வந்த பின்னரே. வருமுன் பார்ப்பவர் தாதி. அவர் எங்கே இருக்க வேண்டும், எவரைப் பரிசோதிக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதை எழுதி வைப்பது நாட்டின் சுகாதாரக் கொள்கை. இவை இரண்டையும் விளங்கிக்கொண்டால், இடம்பெயர்ந்து அலைந்த எமது குடும்பங்கள் தமக்கு உரித்தானதைக் கேட்டுப் பெறலாம் என்ற நோக்குடன் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இருதயத்தில் நடப்பது என்ன?

இருதயம் உடம்பு முழுவதற்கும் இரத்தத்தை இறைக்கும் ஒரு தசை. அதுவும் வேலை செய்ய இரத்தம் வேண்டும். அந்த இரத்தத்தை முடியுரு நாடிகள் எனப்படும் சிறு குழாய்கள் கொண்டு வருகின்றன. இக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து தடிக்கும்போது வழி ஒடுங்குகின்றது. படிந்த இடம் ஒருநாள் வெடித்து, அதன்மேல் இரத்தம் கட்டியாகி வழியை அடைத்துவிட்டால் அதற்கு அப்பால் உள்ள தசை இறக்கத் தொடங்குகின்றது. இதுவே மாரடைப்பு. இதே அடைப்பு மூளையின் குழாயில் ஏற்பட்டால், அல்லது அங்கே குழாய் வெடித்தால், அது பாரிசவாதம்.

குழாயைப் பழுதாக்குபவை எவை என்பது இன்று நன்றாகத் தெரியும். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகையிலை, இரத்தத்தில் கூடிய கொலஸ்ரரோல், உடல் அசைவின்மை, அளவுக்கு மிஞ்சிய உப்பும் எண்ணெயும், மதுபானம் ஆகியவை முக்கியமானவை. இவற்றுள் நாம் 'பிரசர்' என்று சொல்லும் உயர் இரத்த அழுத்தம் மிகவும் வஞ்சகமானது. அது பெரும்பாலும் வலிப்பதில்லை, காய்ச்சலைத் தருவதில்லை, வேலையையும் தடுப்பதில்லை. கையில் பட்டி கட்டி அளந்து பார்த்தால் மட்டுமே தெரியும். நீரிழிவும் ஆரம்பத்தில் அவ்வாறே.

எமது நாட்டில் இறப்புகளில் 100க்கு 80க்கும் மேற்பட்டவை தொற்றா நோய்களால் ஏற்படுகின்றன என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவற்றுள் முதலிடத்தில் நிற்பவை இருதய, இரத்தக் குழாய் நோய்களே. மாரடைப்பைப் பட்டணத்துப் பணக்காரரின் வருத்தம் என்று எண்ணுவது பழைய கதை.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

மூதூர்ப் பக்கத்துக் கமக்காரர் ஒருவரை எமக்குத் தெரியும். 2006இல் ஷெல் வீச்சுக்கு நடுவே குடும்பத்தோடு வெளிக்கிட்டபோது, அடையாள அட்டைகளையும் காணி உறுதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டார். அவருடைய கிளினிக் கொப்பி வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியபடியே இருந்துவிட்டது. முகாமில் மருத்துவக் குழு வந்த நாட்களில் அவர் கூலிவேலைக்குப் போயிருந்தார். "தலையிடி இல்லை, நெஞ்சுநோ இல்லை, பிறகேன் குளிசை?" என்பது அவருடைய பேச்சு. ஊர் திரும்பி முதலாவது பெரும்போகம் விதைத்த வருடம் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்தது. "காணி கிடைச்சது, கை போச்சு" என்று எம்மிடம் சொன்னார்.

இது ஒருவரின் கதை மட்டுமல்ல. இடம்பெயர்வு இருதயத்தை நான்கு வழிகளில் தாக்குகின்றது.

முதலாவது, தொடர்ச்சி அறுகின்றது. கொப்பி தொலைகின்றது, மருந்து நிற்கின்றது, தெரிந்த தாதியும் வைத்தியரும் எங்கோ போய்விடுகிறார்கள். இரத்த அழுத்தக் குளிசை நாள்தோறும் எடுக்க வேண்டியது. இடையில் நின்றால் அழுத்தம் மீண்டும் ஏறுகின்றது.

இரண்டாவது, உணவு மாறுகின்றது. வயலும் தோட்டமும் இருந்தபோது கீரையும் மரக்கறியும் குளத்து மீனும் வீட்டுக்கு வந்தன. நிவாரண அட்டைக்கு அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் கிடைத்தன. பசிக்கு அது உதவியது. ஆனால் ரொட்டியும் கருவாடும் சீனி போட்ட தேத்தண்ணீருமாகப் பல வருடங்கள் போனால் உடம்பு அதற்கு விலை கொடுக்கின்றது. ஊர் திரும்பிய பின்னரும் பல வீடுகளில் அந்தச் சாப்பாட்டுப் பழக்கம் தொடர்கின்றது.

மூன்றாவது, வேலை நிற்கின்றது. மண்வெட்டி பிடித்த ஆள் கூடாரத்து வாசலில் குந்தியிருக்க நேர்கின்றது. பொழுது போக்கப் பீடியும் சுருட்டும் வெற்றிலையோடு புகையிலையும் கூடுகின்றன. சிலருக்குக் கசிப்பும் சேர்ந்துகொள்கின்றது.

நான்காவது, மனப்பாரம். உறவுகளை இழந்த துயரமும் காணியைப் பற்றிய ஏக்கமும் கடனும் நித்திரையைக் கெடுக்கின்றன. தீராத மனஅழுத்தமும் மாரடைப்புக்கு வழி சமைக்கின்றது என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது.

கொள்கை என்பது என்ன?

கொள்கை என்றவுடன் அது கொழும்பில் பெரியவர்கள் எழுதும் கடதாசி என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. எமது தாய்மார் பிரசவத்தில் இறவாமல் பிழைப்பதற்குக் காரணமும் ஒரு கொள்கையே. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் வழியாக, குறித்த ஒரு பகுதிக்குக் குறித்த ஒரு மருத்துவ மாதும் சுகாதாரப் பரிசோதகரும் தாதியும் பொறுப்பு என்ற ஒழுங்கு நாடெங்கும் பரவியது. 1930களில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 2,000 தாய்மார் அளவில் இறந்த நாட்டில் இன்று அத்தொகை 50க்கும் குறைவு. கந்தளாயிலும் அல்லையிலும் ஒரு காலத்தில் குடியேறியவர்களை வாட்டிய மலேரியாவும் இவ்வாறு வீடு வீடாகச் சென்ற ஊழியர்களால்தான் ஒழிக்கப்பட்டது. 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது.

இந்த இரண்டு வெற்றிகளிலும் ஒரே பாடம்தான் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி கட்டுவதற்கு முன்னரே, நோயைத் தேடிப் போகும் ஊழியரை ஊருக்கு அனுப்பினார்கள்.

இருதய நோயைப் பொறுத்தவரை அவ்வாறான முயற்சி பிந்தியே தொடங்கியது. தொற்றா நோய்களைத் தடுப்பதற்கான தேசியக் கொள்கை 2010இல் வெளிவந்தது. அதன்படி மாவட்டந்தோறும் அந்நோய்களுக்குப் பொறுப்பான வைத்திய அதிகாரி நியமிக்கப்பட்டார். 2011 தொடக்கம் பிரதேச வைத்தியசாலைகளிலும் ஏனைய சிறு வைத்தியசாலைகளிலும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் திறக்கப்பட்டன. முதலில் 40 முதல் 65 வயது வரையானோருக்காகத் தொடங்கிய இப்பரிசோதனை, பின்னர் 35 வயதிலிருந்தே செய்யப்படலாயிற்று. அண்மைய ஆண்டுகளில் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்ற பதவியும் உருவாக்கப்பட்டது. நோயாளர் வரும்வரை காத்திராமல், நோய் வரக்கூடியவரைக் கண்டு தொடர்ந்து கவனிப்பதே அவருடைய வேலை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சம்பூர் மக்கள் 2006இல் வெளியேறி, கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் இருந்து 2015இலும் 2016இலுமே ஊர் திரும்பத் தொடங்கினர். கொள்கை எழுதப்பட்டதும் நிலையங்கள் திறக்கப்பட்டதும் அவர்கள் முகாமில் இருந்த ஆண்டுகளில்தான். 2006இல் 35 வயதோடு வெளிக்கிட்டவர் 45 வயதில் திரும்பினார். இருதயத்தைக் கவனிக்கத் தொடங்க வேண்டிய பத்து வருடங்களும் தகரக் கொட்டிலில் கழிந்தன. அவர் இன்று 50 வயதைத் தாண்டியவர். இன்னும் ஒருமுறையேனும் பிரசர் பார்க்காதிருந்தால், இனியும் தாமதிக்க அவருக்கு நேரமில்லை.

தாதி என்ன செய்கிறார்?

நிலையத்துக்குச் சென்றால் நடப்பது இதுதான். பயப்பட ஒன்றுமில்லை. பணமும் தேவையில்லை.

முதலில் உயரமும் நிறையும் அளக்கப்படும். அடுத்து இரத்த அழுத்தம். அதற்கு முன் ஐந்து நிமிடம் கதிரையில் சாய்ந்து, பாதம் நிலத்தில் பதிய, பேசாமல் இருக்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்குள் தேத்தண்ணீர் குடித்திருக்கவோ, புகைத்திருக்கவோ, புகையிலை போட்டிருக்கவோ கூடாது. சலம் முட்டியிருக்கவும் கூடாது. கை இருதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். வெயிலில் சைக்கிள் உழக்கி வந்த கையோடு அளந்தால் கணக்குப் பிழைக்கும். ஒருமுறை கூடக் காட்டினால் தாதி மீண்டும் அளந்து பார்ப்பார். 140/90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால் அது உயர் இரத்த அழுத்தம்.

பின்பு விரலில் குத்தி அல்லது கையிலிருந்து இரத்தம் எடுத்துச் சீனி பார்க்கப்படும். வசதியுள்ள இடங்களில் கொலஸ்ரரோலும் பார்க்கப்படும். புகையிலை, மதுபானம், குடும்பத்தில் மாரடைப்பு வந்தவர்கள் ஆகிய விபரங்களைத் தாதி கேட்பார். வெட்கத்தில் மறைத்தால் நட்டம் எமக்கே.

இவ்விபரங்களை வைத்து ஒரு நிற அட்டவணை பார்க்கப்படும். அடுத்த 10 வருடங்களில் இவருக்கு மாரடைப்போ பாரிசவாதமோ வரக்கூடிய சாத்தியம் எவ்வளவு என்பதை அது பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று காட்டும். பச்சையில் நிற்பவருக்கு ஆலோசனையும், குறித்த காலத்தின் பின் மறு பரிசோதனையும் போதும். சிவப்பை நோக்கிப் போகிறவரை வைத்தியர் பார்த்து மருந்து தொடங்குவார்.

தாதியின் பெரிய வேலை இதற்குப் பின்னரே தொடங்குகின்றது. மருந்து எடுத்தாரா, ஏன் நிறுத்தினார், வீட்டில் சமைப்பது யார், உப்பை எப்படிக் குறைப்பது, புகையிலையை விட என்ன தடை என்று ஆறுதலாக இருந்து கேட்பவர் அவரே. நூறு பேரை ஒரு காலைப்பொழுதில் பார்க்கும் வைத்தியருக்கு இந்த நேரம் கிடைக்காது. வராமல் விட்டவரின் பெயரைப் பதிவேட்டில் கண்டு தேடுபவரும் தாதியே. அவர் எழுதும் பதிவுகள்தான் மாவட்டத்துக்கும் மாகாணத்துக்கும் அமைச்சுக்கும் போய்ச் சேர்கின்றன. எத்தனை பேருக்குக் குளிசை வேண்டும், எங்கே இன்னொரு நிலையம் வேண்டும் என்ற தீர்மானம் அந்த எண்களில் இருந்தே பிறக்கின்றது. நாம் போய்ப் பதியாவிட்டால் எமது ஊர் அந்த எண்ணுக்குள் வராது.

பிள்ளைகளின் இருதயம்

இருதய வருத்தம் முதியவருக்கு மட்டும் உரியதன்று. நெருக்கமாக வாழும் இடங்களில் பிள்ளைகளுக்குத் தொண்டைநோ இலகுவில் தொற்றுகின்றது. அதில் ஒருவகைக் கிருமியால் வரும் தொண்டைநோவுக்கு மருந்து செய்யாவிட்டால், சில வாரங்களின் பின் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரலாம். இதனை வாதக்காய்ச்சல் என்பர். மூட்டு வீக்கம் மாறிவிடும். ஆனால் இருதயத்தின் வால்வுகள் பழுதாகிவிடக்கூடும். பின்னாளில் மூச்சுவாங்கி, கர்ப்ப காலத்தில் ஆபத்தாகி, சத்திரசிகிச்சை வரை கொண்டுபோகும் வருத்தம் இது.

ஒருமுறை வாதக்காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட வேண்டும். இது பல வருடங்கள் நீடிக்கும். அந்தத் திகதியைப் பிழையாமல் காப்பவர் தாதி. இடம் மாறும்போது முதலில் தவறுவதும் அந்தத் திகதியே. ஆகவே ஊசி அட்டையைக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். எந்த ஊருக்குப் போனாலும் போன கிழமையிலேயே அருகிலுள்ள வைத்தியசாலையில் அட்டையைக் காட்டுங்கள்.

வேறிடங்களில் நடந்தது

வடக்கு ஐரோப்பாவிலுள்ள பின்லாந்து நாட்டில் வட கரேலியா என்றொரு மாகாணம் உண்டு. காடும் மாட்டுப்பண்ணைகளும் நிறைந்த ஏழைக் கமக்காரரின் நாடு அது. 1960களில் அங்கு நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் விழுந்து இறப்பது உலகிலேயே மிக அதிகமாக இருந்தது. 1971இல் அம்மாகாணத்தின் பிரதிநிதிகள் கூடி, "எமக்கு உதவி செய்யுங்கள்" என்று அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தனர். அடுத்த வருடமே பெக்கா புஸ்கா என்ற இளம் வைத்தியரின் தலைமையில் திட்டம் தொடங்கியது.

புதிய பெரிய ஆஸ்பத்திரி எதையும் அத்திட்டம் நம்பியிருக்கவில்லை. சுகாதார நிலையங்களில் தாதியர் இரத்த அழுத்தத்தை அளந்து, பதிவேடு வைத்து, விடுபட்டவரைத் தேடினர். மாதர் சங்கங்கள் கொழுப்பும் உப்பும் குறைந்த சமையலை ஊர் கூட்டிச் செய்து காட்டின. வெண்ணெய்க்குச் சந்தை குறைந்தபோது, பழச்செடிகள் பயிரிடக் கமக்காரருக்கு உதவி கிடைத்தது. புகைத்தலுக்கு எதிரான சட்டமும் வந்தது. நாற்பது வருடங்களில் உழைக்கும் வயது ஆண்களின் இருதய நோய் மரணம் 80 வீதத்துக்கு மேல் குறைந்தது. மனுவில் தொடங்கியது கொள்கையாகி, கொள்கை தாதியின் கையில் வேலையாகியது.

எமது நாட்டிலும் சான்று உண்டு. இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலும் நாட்டுக்குப் பத்தாக 30 கிராமப்புறச் சமூகங்களில் ஓர் ஆய்வு நடந்தது. உயர் இரத்த அழுத்தம் உள்ள 2,645 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினரை ஊர்ச் சுகாதார ஊழியர்கள் வீட்டுக்குச் சென்று பார்த்து, அழுத்தத்தை அளந்து, அறிவுரை கூறி, தேவையானவரை வைத்தியரிடம் அனுப்பினர். இலங்கையில் இவ்வேலையைச் செய்தவர்கள் எமக்கு நன்கு பழக்கமான குடும்பநல மருத்துவ மாதரே. இரண்டு வருட முடிவில் அவர்களுடைய மேல் அழுத்தம், வழமையான கவனிப்பில் இருந்தவர்களைவிட 5 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. 2020இல் வெளியான இம்முடிவு சிறிதாகத் தோன்றலாம். ஒரு நாடு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் அது ஆயிரக்கணக்கான உயிர்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் 2021 ஓகஸ்ற் 5ஆம் திகதி 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன்படி பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும் தாதியரும் இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டு செல்கிறார்கள்.

எங்கே குறை இருக்கிறது?

கொள்கை எழுதியாயிற்று என்பதால் வேலை முடிந்துவிடவில்லை. எமது அனுபவத்தில் நான்கு குறைகளைக் காண்கிறோம்.

ஒன்று, நிலையங்களுக்கு வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் வருவது குறைவு. காலையில் நிலையம் திறந்திருக்கும் நேரம் கமக்காரர் வயலில் நிற்கும் நேரம். பெரும்போக விதைப்பிலும் அறுவடையிலும் எவரும் வரமாட்டார். அறுவடை முடிந்த கையோடு, கமக்காரர் அமைப்பின் கூட்டம் நடக்கும் இடத்துக்கே தாதியை அழைத்தால் என்ன? நடமாடும் பரிசோதனைக்கு இடமுண்டு. கேட்பதற்கு ஆள் வேண்டும்.

இரண்டு, ஆள் பற்றாக்குறை. விடுதியில் தாதி குறைந்தால், தடுப்பு வேலைக்கென நியமித்தவரையும் அங்கே இழுக்க நேரிடும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டன. பல தாதியர் வெளிநாடு சென்றனர். நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது, இன்று வலிக்காத வருத்தத்தைப் பார்க்கும் வேலையே. அவ்வாறு நடவாமல் காக்கக் கொள்கையில் உறுதி வேண்டும்.

மூன்று, மொழி. உப்பைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை, கேட்பவரின் மொழியிலும் அவருடைய அடுப்படியைத் தெரிந்தும் சொல்லப்பட்டால்தான் வேலை செய்யும். எமது மாவட்டத்தில் மூவின மக்களும் வாழ்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் அவ்வூர் மொழி பேசும் ஒருவராவது இருப்பது அவசியம்.

நான்கு, இடம்பெயர்ந்தோரின் பதிவு. மக்கள் நகரும்போது பதிவேடு நகர்வதில்லை. எந்த வைத்தியசாலையிலும் பழைய மருந்தைத் தொடரக்கூடிய எளிய ஒழுங்கு வேண்டும். அது வரும்வரை நாமே எமது பதிவேடாக இருக்க வேண்டியுள்ளது.

நாம் செய்யக்கூடியவை

கிளினிக் கொப்பியை அடையாள அட்டையைப்போல் பேணுங்கள். மருந்தின் பெயரும் அளவும் உள்ள பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, பிள்ளை ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். இன்னொரு முறை ஓட நேர்ந்தாலும், வெள்ளம் வந்தாலும், அந்தப் படம் பிழைத்திருக்கும்.

உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டத்துக்குள் இருக்க வேண்டும். எமது நாட்டில் சராசரியாக 8 கிராமளவில் உண்கிறோம். கருவாட்டை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். சோற்றுக்கு உப்புப் போடும் பழக்கத்தை விடுங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பாவிக்க வேண்டாம். வளவில் ஒரு முருங்கையும் ஒரு பாத்தி கீரையும் நிற்கட்டும்.

புகையிலையை விட்டவரின் மாரடைப்பு ஆபத்து ஒரு வருடத்தில் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைகின்றது. 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரட் விற்பது குற்றம். பிள்ளையைக் கடைக்கு அனுப்பி வாங்குவிக்காதீர்கள். குளிர்பானப் போத்தலில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் இடப்படுகின்றது. சிவப்பைக் கண்டால் தவிருங்கள்.

சுகமாக இருக்கிறது என்று குளிசையை நிறுத்தாதீர்கள். சுகமாக இருப்பது குளிசையால்தான். நாட்டு மருந்து எடுப்பவர்கள் அதனைத் தாதியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நெஞ்சின் நடுவில் இறுக்கம் அல்லது பாரம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் நோ, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அடையாளங்கள். பெண்களுக்கும் நீரிழிவுள்ளவர்களுக்கும் வெறும் களைப்பாகவோ செமியாக்குணமாகவோ தோன்றலாம். 'காஸ்' என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் குடித்துப் படுக்க வேண்டாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மூதூரிலிருந்து திருகோணமலைக்கு ஒரு காலத்தில் படகைக் காத்திருந்தோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, தொடர்ந்து ஏனைய பாலங்களும் வந்தன. இன்று நேரம் வீணாவது பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில்தான்.

கூடிக் கேட்போம்

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு விடயமாக எடுத்துப் பேசட்டும். ஊரில் 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் கடந்த ஒரு வருடத்தில் பிரசர் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்த எண்ணிக்கையோடு, உங்கள் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் திருகோணமலைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். மாதத்தில் ஒருநாள், கமக்காரர் வரக்கூடிய நேரத்தில், தாதி எமது ஊருக்கு வர வேண்டும் என்று கேளுங்கள். வட கரேலியாவின் மக்கள் 1971இல் செய்தது இதனையே.

காணிக்காக நாம் மனுக் கொடுத்தோம், வீதியில் இருந்தோம், வருடக்கணக்காகக் காத்திருந்தோம். மீண்ட காணியில் உழுது விதைக்க ஆள் வேண்டும். அந்த ஆளின் இருதயத்துக்காகவும் ஒரு மனுக் கொடுப்போம்.